வேலியில் பதினோரு இசைத்தட்டுகள்

மலாயாவில், காட்டுக்குள் போய்ச் சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்ட காலத்தில் நான் செய்த வேலையை என் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை. "அப்பா ரேடியோவில் இருந்தார்" என்று அவர்களாகவே சுருக்கிக்கொண்டார்கள். நான் ரேடியோவில் இல்லை. கூரையில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிக் குழல்கள் வைத்த ஒரு பச்சை வேனில் இருந்தேன். மலாக்காவை அடுத்த அலோர் காஜாவிலிருந்து கிளம்பி அந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் முறைவைத்துப் போவோம். வேனை ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரைப் பாச்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு பாட்டுத்தட்டைச் சுழலவிடுவேன். லயத்து வரிசைவீட்டு ஜனம் கூடியதும் பாட்டை நிறுத்திவிட்டு அரசாங்கம் எழுதித் தந்ததைத் தமிழில் வாசிப்பேன். காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொடுக்கக் கூடாது, அடையாளக் கார்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது, கம்பிவேலிக் கதவு ஆறு மணிக்குப் பூட்டப்படும். பிறகு இன்னொரு பாட்டு. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. துப்பாக்கி பிடிக்காத வேலை என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்துப் புது உத்தரவு வந்தது. காட்டுக்குள் போனவர்களின் குடும்பத்தாரைப் பேசவைத்து அந்தக் குரலைத் தட்டில் பதிய வேண்டும். வேனைக் காட்டோரத்தில் நிறுத்தி, குழல்களைக் காட்டுப் பக்கம் திருப்பி, அதைப் போட வேண்டும். சொந்த மனுஷரின் குரலைக் கேட்டால் மனம் இளகி வெளியே வந்துவிடுவார்கள் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் பட்டியலில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் அவள்தான். அலோர் காஜாவிலிருந்து எட்டு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் கணக்குவழக்கு எழுதிக்கொண்டிருந்தவன். எமர்ஜென்சி ஆரம்பித்த சில நாட்களில், போலீஸ் லயத்துக்குள் வருவதற்கு முன்னால், அவன் காணாமல் போய்விட்டான். போலீஸ் ஏட்டில் "காட்டில் இருப்பவன்" என்று எழுதியிருந்தது. அவன் காட்டுக்குத்தான் போனானா என்று பார்த்தவர் யாரும் இல்லை.

பெர்மிட் வாங்கி அவளை வேனில் ஏற்றி அலோர் காஜா அலுவலகத்துக்குக் கூட்டிவந்தோம். ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்ட ஒரு சின்ன அறை. நடுவில் தட்டில் குரல் பதிக்கும் இயந்திரம். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மைக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவரு காட்டுலதான் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"போலீஸ் அப்படித்தான் சொல்றாங்கம்மா."

"நான் இதுல பேசுனா, ஆமா காட்டுலதான் இருக்காருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? பேசலைன்னா, நான் அரிசி அனுப்புறவள்னு சொல்லுவாங்க."

அவள் சொன்ன இரண்டும் சரிதான்.

"வந்தா சுட மாட்டாங்களா? நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

"பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருக்கு."

"பேப்பரக் கேக்கல அண்ணே. உங்களக் கேக்குறேன்."

ஒரு கிளார்க்கின் சத்தியத்துக்கு அங்கே என்ன மரியாதை? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, பேசறேன் என்றாள். இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தாங்க, நாந்தான். கால் புண்ணு ஆறிடுச்சா? உங்க நீலச் சட்டைய தொவைச்சு வச்சிருக்கேன். பயமா இருந்தா வரவேணாம், எங்க இருக்கீங்கன்னு மட்டும்..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அப்படிப் பேச அனுமதி இல்லை. வாசகம் ஆங்கிலத்தில் வந்திருந்தது, அதைத் தமிழில் எழுதியவன் நான். நல்ல தமிழாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தேன். "அன்புள்ள கணவருக்கு, உங்கள் மனைவி பேசுகிறேன். அரசாங்கம் உங்களை மன்னித்து ஏற்றுக்கொள்ளும். உடனே வெளியே வாருங்கள். உங்களுக்கு எவ்விதத் துன்பமும் நேராது." அவளுக்கு எழுத்து தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். "எவ்விதத் துன்பமும்" என்பது மட்டும் அவள் நாவில் நிற்கவில்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்தோம். ஐந்தாவது தடவை பதிந்தோம். ஊசி தட்டைச் செதுக்கச் செதுக்க, முடிபோலக் கருப்பு நூல் ஒன்று சுருண்டு சுருண்டு விழுந்தது.

"இது என்னண்ணே?"

"உன் குரலைத் தட்டுல வெட்டுறப்ப விழற சீவல்."

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பால்மரப் பட்டையைச் சீவும்போது விழுவதும் இப்படித்தான் சுருண்டு விழும் என்றாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பிற்பகல் மூன்று மணிக்கு வேனை லயத்தின் பின்பக்கம், வேலிக்கு வெளியே நிறுத்துவோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு சதுப்பு, அதற்கு அப்பால் காட்டுமலை. நான் தட்டைப் போடுவேன். "அன்புள்ள கணவருக்கு" என்று அவள் குரல் சதுப்பைத் தாண்டிப் போகும். அவளே வேலிக்கு உள்பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் சில வாரங்கள் மற்றப் பெண்களும் கூட நின்றார்கள். பிறகு அவள் மட்டும் நின்றாள்.

அவன் வரவில்லை. யாருமே வரவில்லை.

குரல் பதித்த அந்தத் தட்டு கடையில் வாங்குகிற பாட்டுத்தட்டு மாதிரி இல்லை. அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய கருப்புப் பூச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் குரல் கொஞ்சம் தேயும். மூன்று மாதத்தில் அவள் பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் மணல் கொட்டுவதுபோல் இரைச்சல் வந்துவிட்டது. ஒருநாள் வேலிக்கு உள்ளேயிருந்து கேட்டாள்:

"அண்ணே, என் குரலு தேஞ்சுபோச்சுல்ல? அவருக்கு நான்தான்னு எப்படித் தெரியும்?"

புதுத் தட்டு போடலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றேன். எழுதியிருந்தேன்தான். பதில் வரவில்லை.

இன்னொரு வாரம் ஒரு பாட்டுத்தட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்பே கையால் சாவி கொடுக்கிற பாட்டுப்பெட்டி ஒன்று வாங்கியிருந்தானாம். அதோடு பதினோரு தட்டுகள். ஜன்னலோரம் இருந்த இந்தத் தட்டு வெயிலில் வளைந்துவிட்டது, நிமிர்த்த முடியுமா என்று கேட்டாள். எங்கள் வேனிலும் சூட்டில் தட்டு வளைவது வழக்கம் என்பதால் எனக்கு வழி தெரிந்திருந்தது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்வது. கொதிநீரில் கொஞ்ச நேரம் முக்கினால் அப்பளம் நமத்ததுபோலத் துவளும். உடனே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமுக்கினால் நேராகிவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் உடனே போகவில்லை. கூரையைப் பார்த்து, "அந்தக் குழலு எதுக்கண்ணே வாய் விரிஞ்சு இருக்கு?" என்றாள்.

"அப்பத்தான் சத்தம் சிதறாம ஒரு பக்கமா ரொம்ப தூரம் போகும்."

"காதுல வச்சா?"

"காதுல வச்சா தூரத்துச் சத்தம் கிட்ட வரும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அவள் குரல் பதித்த தட்டு முழுக்கத் தேய்ந்துபோனது. கழித்துவிடலாம் என்று அலுவலகத்தில் கையெழுத்தாகி வந்தது. கழித்த தட்டை உடைத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் உடைக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது ஒரு செய்தித்தாளில் சுற்றி வேலியிடுக்கு வழியாக அவளிடம் நீட்டினேன். அவள் குரல், அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் விதியை மீறி நான் செய்த காரியம் அது ஒன்றுதான். பாச்சிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஜாங்கான்லா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேன் பழுதாகி மூன்று வாரம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பப் போனபோது லயத்தின் பின்வேலியில் அவற்றைப் பார்த்தேன்.

பதினோரு தட்டுகளையும் கொதிநீரில் முக்கி, துவண்டதும் கையாலேயே சுருட்டியிருந்தாள். சில அகலமான புனல். சில தாமரை இலைபோல ஓரம் நெளிந்தவை. ஒன்று அச்சு அசல் மனுஷக் காது, மடல் மடிந்து உள்ளே குழிந்திருந்தது. நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் புனலின் தொண்டையில் கசங்கிக் கிடந்தது. வரிவரியான கோடுகள் வெயிலில் எண்ணெய் பூசினதுபோல மின்னின. அவற்றை முள்கம்பியில் மெல்லிய கம்பியால் கட்டியிருந்தாள். பாதி வாய் திறந்து காட்டைப் பார்த்தன. பாதி லயத்தைப் பார்த்தன. நடுவில், நான் கொடுத்த தட்டு. அலுமினியம் வளையாது என்பதால் அது மட்டும் தட்டையாகத் தொங்கியது. பூச்சு அங்கங்கே உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. காற்று வந்தபோது புனல்களுக்குள்ளிருந்து தாழ்ந்த ஒரு ஓசை எழுந்தது. குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பாச்சிக் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"வேன் வராத நாள்ல யாரு கூப்பிடுறது அண்ணே? அதான்," என்றாள். கை விரல்கள் நுனியெல்லாம் கொப்புளம். "காட்டைப் பார்த்து இருக்கறதுல நான் பேசுவேன். இந்தப் பக்கம் இருக்கறது, அவரு பேசினா கேக்குறதுக்கு."

லயத்தில் சிலர் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஆனால் அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப்போன அண்ணனைப் பறிகொடுத்தவள், ஒருநாள் வந்து ஒரு புனலில் வாயை வைத்து அவன் பேரைச் சொன்னாளாம். பிறகு இன்னும் இரண்டு பேர். நாங்கள் வராத மூன்று வாரத்தில் நடந்த இதையெல்லாம் அன்றைக்கு அவளேதான் வேலியோரம் நின்று எனக்குச் சொன்னாள்.

இப்போது இதற்குக் கலை என்று ஒரு பெயர் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் மலாக்காவில் ஒரு கண்காட்சிக்குப் பேத்தி கூட்டிப்போனாள். உருக்கி நெளித்த இசைத்தட்டுகளை ஒரு அறை முழுக்கத் தொங்கவிட்டு, எங்கிருந்தோ பலபேர் பேசும் குரல்களை ஒலிக்கவிட்டிருந்தார்கள். இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அழகாகத்தான் இருந்தது. நான் மட்டும் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலியில் அந்தப் புனல்களைப் பார்த்த அன்றைக்கே கழற்றிவிடு என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அபாயம் தோன்றாமல் இல்லை. ஆனால் கொப்புளம் போட்ட அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது வேலி காலியாக இருந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் இரண்டு போலீஸ் லாரிகள் நின்றன. காட்டுமலையில் சுற்றிய ரோந்துப் படைக்கு, லயத்துப் பக்கமிருந்து பகலில் வெளிச்சம் வெட்டி வெட்டித் தெரிந்திருக்கிறது. கண்ணாடி காட்டிச் சைகை செய்கிறார்கள் என்று வந்து பார்த்திருக்கிறார்கள். காற்றில் ஆடிய அந்த அலுமினியத் தட்டில் வெயில் பட்டதுதான் அந்த வெளிச்சம். நான் கொடுத்த தட்டு.

விசாரித்த வெள்ளைக்கார அதிகாரிக்கு என் வயதுதான். கழுத்து வெயிலில் சிவந்து உரிந்திருந்தது. ஆங்கிலம் தெரிந்த தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி, அன்றைக்கு விடுப்பு. வேனில் தமிழ் பேசுகிறவன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைமேல் பதினோரு புனல்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவள் ஓரமாக நின்றாள்.

"இது என்ன என்று கேள்," என்றான் அதிகாரி.

கேட்டேன்.

"பேசறதுக்கும் கேக்குறதுக்கும்," என்றாள்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கெடுதலாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. இது வெறும் ஏக்கம் சார், இவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். கேட்டதை மட்டும் மொழிபெயர் என்றான். காது மாதிரி இருந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கணம் தன் காதில்கூட வைத்துப் பார்த்தான். பிறகு அலுமினியத் தட்டைத் தூக்கினான். அதன் நடுவில் எங்கள் அலுவலக முத்திரை இருந்தது.

"இது அரசாங்கப் பொருள். யார் கொடுத்தது என்று கேள்."

அந்தக் கேள்வியை நான்தான் தமிழில் கேட்க வேண்டும். கேட்டேன். "இத உனக்கு யாரு குடுத்தது?" என் குரல் வேனில் அறிவிப்பு வாசிக்கிற குரல் மாதிரியே வந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை.

"யாரும் குடுக்கல. வேன் நிக்கிற எடத்துல குப்பையில கெடந்துச்சு. எடுத்தேன்."

நான் வாயைத் திறந்தேன். நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல அப்போது ஒரு வினாடி இருந்தது. அம்மா, வேலை, லாக்கப், எல்லாம் அந்த ஒரு வினாடிக்குள் வந்து நின்றன.

"குப்பையில் கிடந்ததாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"கழித்த தட்டை நீங்கள் அப்படித்தான் போடுவீர்களா?"

"சில சமயம், சார்."

அவளை லாரியில் ஏற்றினார்கள். ஆபீஸ் வாசலில் புனல்களைக் குவித்து ஒரு போலீஸ்காரர் மண்ணெண்ணெய் ஊற்றினார். அரக்கு எரிகிற வாடை. முதலில் விளிம்புகள் தொங்கின, பிறகு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் குழைந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் மூன்று மணி நிகழ்ச்சியை நடத்தச் சொன்னார்கள். வெறும் பாட்டும் அறிவிப்புமாக நடத்தினோம்.

அவளை ஆறு வாரம் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனேன். உறவா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி ஒரு மனு எழுதினேன். கையெழுத்துப் போடாமல் சட்டைப் பையில் நாலு நாள் வைத்திருந்து கிழித்துவிட்டேன். அவளை விட்டபோது தோட்டத்து ஆள்கணக்கிலிருந்து அவள் பேரை அடித்துவிட்டார்கள். லயத்துக்குள் வரவும் அனுமதி இல்லை. பக்கத்து ரயிலடி ஊரான புலாவ் செபாங்கில் ஒரு சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள்.

எமர்ஜென்சி முடிகிற சமயம் நான் வேறு இலாகாவுக்கு மாறியிருந்தேன். ஒரு வேலையாகப் போய்விட்டு, புலாவ் செபாங் ஸ்டேஷனில் ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து, "அண்ணே" என்று ஒரு குரல். மூங்கில் கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வயதான பெண் ஒருவர், அந்தச் சின்னம்மாதான்.

"மூஞ்சி அடையாளம் தெரியல. குரலு தெரிஞ்சுது," என்றாள்.

நான் கும்பிட்டேனா, மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை. எது சொல்லியிருந்தாலும் அவள் அதைக் காதில் வாங்கியதுபோல் தெரியவில்லை. சிங்கப்பூருக்குப் போகிறேன் என்றாள். புருஷன் உயிரோடு இருக்கிறான். ஒன்றரை வருஷத்துக்கு முன் அங்கிருந்து சின்னம்மா விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது, மூன்று பதில் போட்டாகிவிட்டது, அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அதனால் நேரில் போகிறாள். மேல்விலாசத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கடிதத்தை நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க. பரவால்ல."

படித்தேன். அவன் காட்டுக்குப் போகவே இல்லை. கடலோரத்தில் கோலா சுங்கை பாருவில் கருவாடு காயப்போடும் ஒரு கொட்டகையில் வேறு பெயரில் இருந்திருக்கிறான். ஒருநாள் அவளுக்கு எப்படியாவது தகவல் சொல்லிவிட வேண்டும் என்று துணிந்து அலோர் காஜா வரை வந்திருக்கிறான். பஸ் நிலையத்தில் நிற்கும்போது எங்கள் வேன் அங்கே நின்றிருக்கிறது. தோட்டத்துக்குக் கிளம்பும் முன் இயந்திரம் ஓடுகிறதா என்று தட்டைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அவன் எழுதியிருந்தான்: "உன் குரலைக் கேட்டேன். ஆனால் நீ பேசுகிற பேச்சு இல்லை அது. நீ என்னை அன்புள்ள கணவருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உன்னைப் பிடித்துவைத்து, துப்பாக்கியைக் காட்டிப் பேசவைக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் வந்தால் உன்னையும் சேர்த்து முடித்துவிடுவார்கள் என்று பயந்து அன்றைக்கே தெற்கே போய்விட்டேன்."

கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

"அந்தத் தமிழை நான்தான் எழுதினேன்," என்றேன்.

"தெரியும் அண்ணே."

"உன் பேச்சுல பேச விட்டிருக்கணும்."

"விட்டிருக்க மாட்டாங்க," என்றாள். என்னைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காகச் சொன்னாளா, நடந்ததைச் சொன்னாளா, தெரியவில்லை. ரயில் வந்தது. விலாசம் எழுதிய தாளை இரண்டாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். கூடையை நான் தூக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி புலாவ் செபாங்குக்குப் போக நேர்ந்தபோது சின்னம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். சிங்கப்பூரில் நான் எழுதித் தந்த விலாசத்தில் இருந்த கடைவீடுகளை இடித்துவிட்டார்களாம். அவன் எங்கே போனான் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லையாம். அவள் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள்.

"திரும்பி வாடின்னா மாட்டேங்கிறா. அந்தத் தெருவு வழியா வருவாருன்னு இருக்கா," என்றார் அந்த அம்மா.

அவள் இருக்கும் விலாசத்தைக் கேட்டேன். ஒரு கடிதம் எழுதலாம் என்று.

அவர் கொஞ்சம் தயங்கினார். "யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கா, தம்பி. தப்பா நெனைக்காதீங்க." உள்ளே போய் எனக்கு ஒரு தேத்தண்ணி கலந்து எடுத்துவந்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.